ஒரே ஒரு ஆட்டம் இருந்த பெட்டி

அந்தப் பெட்டியை முதல்முறை திறப்பதற்கு முன்னால் அக்கா கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நாங்கள் இரண்டு பேரும் எதிரே பாயில் காத்திருந்தோம். பெட்டி மூக்குக் கண்ணாடிக் கூடு அளவுதான் இருந்தது. கட்டைவிரலால் மேல்மூடியைத் தள்ளினாள். அது பாதியில் டிக்கென்று நின்றது. மூடியின் உட்பக்கம் ஒரு சின்னத் திரை, கீழ்ப்பக்கம் சில பொத்தான்கள். ஓரத்தில் இருந்த சுவிட்சை அவள் நகர்த்தியதும் திரையில் கடல் வந்தது.

நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மானாவாரிக் காடு. ஏரியில் தண்ணீர் நின்றாலே அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஓசூரில் ஒரு லைன் வீட்டின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து நான் பார்த்த முதல் கடல், ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய திரையில் இருந்தது. அலை வந்து கரையில் ஏறி, நுரையை விட்டுவிட்டுத் திரும்பிப் போயிற்று. மூன்று பேரும் திரையை நோக்கிக் குனிந்தோம். அக்காதான் கடைசியில் சொன்னாள்.

“தூத்துக்குடியிலயும் இப்படித்தான்ட்டி இருக்கும்.”

அக்கா திருநெல்வேலிப் பக்கம். எங்களைவிட நாலைந்து வயது மூத்தவள். மூன்றாவது ஆள் தளியிலிருந்து வந்தவள். அவள் வீட்டில் ரோஜாத் தோட்டம், வீட்டுப் பேச்சு பாதி கன்னடம். மூவரும் ஒரே வீட்டில் தங்கி, தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை செய்தோம். வண்டிகளுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகத் தயாரிக்கிற கம்பெனி. ஆளுயரப் பலகையில் முளைகள் அடித்திருக்கும். நிறநிறமான ஒயர்களை அந்த முளைகளின் வழியே படியவிட்டு, டேப் சுற்றி, அடுத்த ஆளுக்குத் தள்ள வேண்டும். நானும் தளிக்காரியும் அந்த லைனில் இருந்தோம். அக்கா டெஸ்டிங்கில். முடிந்த ஒயர்க்கட்டை மெஷினில் மாட்டி, எல்லா விளக்கும் பச்சையாக எரிகிறதா என்று பார்த்து அனுப்புவது அவள் வேலை.

அக்காவின் தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். ஜப்பான் துறைமுகம் ஒன்றில் பழைய சாமான் கடையில் இந்தப் பெட்டியைப் பார்த்து வாங்கியிருக்கிறான். நம் ஊர் மின்சாரத்துக்கு ஒத்துவருகிற சார்ஜரைத் தேடி அவன் சிங்கப்பூரில் அலைந்த கதையை அக்கா பெருமையாகச் சொல்லுவாள். ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட ஆகியிருக்கும் என்பது எங்கள் கணக்கு. “நீ ஊரு விட்டுத் தனியா கெடக்க, பொழுது போவணும்லா” என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனானாம். பெட்டியின் முதுகில் ஒரு சின்ன வில்லை செருகியிருந்தது. அதற்குள்தான் ஆட்டம். ஒரே ஒரு ஆட்டம்.

அது எதைப் பற்றிய ஆட்டம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. எழுத்தெல்லாம் ஜப்பானிய எழுத்து. திரையில் ஒரு சின்னப் பெண் படகோட்டிக்கொண்டு போவாள். வழியில் தீவுகள். ஒவ்வொரு தீவிலும் ஒரு பெரிய மணி தொங்கும். அடித்தால் சத்தம் வராது. அந்தத் தீவுக்காரர்களிடம் பேசி, எதையோ தேடி, எதையோ சரிசெய்தால் மணி பேசும். அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாததால் நாங்களே பேச்சு வைத்தோம். முதல் தீவில் தாடிக்காரக் கிழவர் ஒருவர் கையை ஆட்டி ஆட்டி நீளமாகப் பேசுவார். அவரைத் தன் சித்தப்பா என்று அக்கா முடிவுகட்டிவிட்டாள். “சித்தப்பா, சீக்கிரம் சொல்லும், ஷிப்டுக்கு நேரமாவுது” என்பாள். மீன் விற்கிற பெண் ஒருத்திக்குத் தளிக்காரி கன்னடத்தில் குரல் கொடுப்பாள். நான் படகோட்டிக்குப் பேசினேன். எங்கள் படகோட்டி ஊத்தங்கரைத் தமிழில்தான் வழி கேட்டாள்.

முதல் மணி ஒலித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை. வெளியே துணி காய்ந்துகொண்டிருந்தது. மணிக்குள் ஒரு பறவை கூடு கட்டியிருந்ததுதான் விஷயம். குஞ்சுகள் பறக்கிற வரைக்கும் நாங்கள் அந்தப் பறவைக்குப் புழு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கடைசிக் குஞ்சும் பறந்தபிறகு மணியை அடித்தபோது, அவ்வளவு சின்னப் பெட்டியிலிருந்து அவ்வளவு ஆழமான சத்தம் வந்தது. தளிக்காரி பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சத்தம் எந்த ஓட்டையிலிருந்து வருகிறது என்று தேடினாள்.

கம்பெனி பஸ்ஸில் அக்கா அதை எடுத்தால் முன் சீட்டுக்காரர்கள் திரும்பி மண்டியிட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். அக்காவே நீட்டினால் மட்டும் சுடிதாரில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்குவார்கள். “ஜப்பான்ல இருந்து வந்ததாம்” என்று பின்னால் ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்வது கேட்கும்.

அடுத்த தீபாவளி போனஸில் தளிக்காரி ஒரு சைனா போன் வாங்கினாள். தொட்டால் வேலை செய்கிற திரை. அந்தத் திரையில் விரலை வைத்து இழுத்தபோது படம் விரலோடு கூடவே வந்தது. நானும் இழுத்துப் பார்த்தேன். என் விரலுக்கு ஏதோ புதிதாக ஒரு சக்தி வந்துவிட்டது போல இருந்தது. அக்காவும் இழுத்துப் பார்த்துவிட்டு, “இது என்னட்டி, தண்ணியத் தொட்ட மாதிரி இருக்கு” என்றாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மொபைல் கடை இருந்தது. ரீசார்ஜ் செய்தால் மெமரி கார்டில் கேம் ஏற்றித் தருவார்கள். தளிக்காரியோடு நானும் போனேன். கடைக்காரர் அவள் போனிலிருந்து கார்டைக் கழற்றினார். விரல் நகம் அளவுதான் இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் செருகி, எங்களைப் பார்க்காமலே கேட்டார்.

“எத்தனை கேம் வேணும்?”

“எத்தனை ஏறும்ண்ணா?”

“நூறு, இருநூறு, எவ்ளோ வேணும்னாலும் ஏறும். பாட்டுக்கு எடம் வுடணுமா?”

நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் இருநூறு ஆட்டங்கள் ஏறிவிட்டன. கொடுத்தது பத்து ரூபாய். வீட்டுக்கு வரும் வழியில் அந்தப் போனை நான்தான் கையில் வைத்திருந்தேன். கனம் கொஞ்சமும் கூடவில்லை. எனக்கு அது நம்பமுடியாததாக இருந்தது. ஒரு நகத்துக்குள் இருநூறு உலகங்கள் இருக்கின்றன, அதைத் தூக்கிக்கொண்டு நான் தக்காளி வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை மறந்து ஆடினோம். பழம் வெட்டுவது, வண்டி ஓட்டுவது, கல் அடுக்குவது, கோழி முட்டை பிடிப்பது. ஒன்றில் தோற்றால் அடுத்தது. அடுத்ததில் தோற்றால் அதற்கடுத்தது. சில ஆட்டங்களைத் திறந்த வேகத்தில் மூடினோம். கார்டில் இடம் வேண்டும் என்றால் பிடிக்காததை அழித்துவிடுவாள் தளிக்காரி. “இது வேஸ்ட் அக்கா” என்பாள். ஒரே அழுத்து, போய்விடும்.

கொஞ்ச நாளில் கம்பெனி பஸ்ஸில் பாதிப்பேர் கையில் அப்படி ஒரு போன் வந்துவிட்டது. ஒருநாள் அக்கா பழக்கத்தில் பெட்டியை எடுத்துத் திறந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புதுப்பெண் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

“இதுல எத்தனை கேம்க்கா?”

“ஒண்ணுதான்.”

“ஒண்ணா? அதுக்கு இவ்ளோ பெரிய டப்பாவா? போன் பேச முடியுமா இதுல?”

அந்தப் பெண் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்டாள். அக்கா சிரித்துவிட்டுப் பெட்டியை மூடிப் பைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு பஸ்ஸில் அதை எடுக்கவில்லை. வீட்டிலும் அலமாரியில் துணிக்கு அடியில் போய்விட்டது. ஆறாவது மணியிலேயே நாங்கள் மாட்டிக்கொண்டு நின்றிருந்ததும் ஒரு காரணம். கடலுக்கு நடுவே செங்குத்தான பாறை, அதன் உச்சியில் மணி. படகை ஒதுக்க இடமே இல்லை. எத்தனையோ நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

அந்தச் சமயத்தில் என்னையே நான் கவனித்து ஆச்சரியப்பட்ட ஒரு விஷயம் உண்டு. பெட்டியில் மாட்டிக்கொண்டபோது, நமக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்தோம். எங்கேயோ வழி இருக்கும், நம் கண்ணில் படவில்லை என்று மறுநாளும் வந்து உட்கார்ந்தோம். போனில் மாட்டிக்கொண்டால், இந்தக் கேம் சரியில்லை என்றோம். ஆட்டத்தின் மேல் மரியாதை வைப்பதா, குற்றம் சொல்வதா என்பதை அது எப்படி நம் கைக்கு வந்தது என்பதே தீர்மானித்துவிடுகிறது. பத்து ரூபாய்க்கு இருநூறு வந்தபோது எதன் மேலும் எங்களுக்குப் பொறுமை இருக்கவில்லை. அதே நாங்கள்தான். அதே பாய்தான். கண்தான் மாறிவிட்டது.

பிறகு ஒரு வருஷம் கம்பெனியில் ஆர்டர் குறைந்தது. உலகத்தில் எங்கேயோ வங்கிகள் சரிந்தன என்றார்கள், ஓசூரில் எங்கள் லைன் நின்றது. வாரத்தில் பாதி நாள்தான் வேலை. அக்கா பெட்டியை விற்றுவிடலாமென்று அதே மொபைல் கடைக்கு எடுத்துப் போனாள். நானும் கூடப் போனேன். கடைக்காரர் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். அந்த டிக் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

“நல்ல பொருள்தாம்மா. ஆனா யாரு வாங்குவா? போன்லயே எல்லாம் சும்மா வருது. இதுக்குப் புதுசா ஒரு கேம் வாங்கணும்னா நீங்க ஒரு போனே வாங்கிரலாம்.”

“எவ்வளவு குடுப்பீக?”

அவர் சொன்ன தொகை ஒரு செருப்புக்குத்தான் ஆகும். அக்கா கோபப்படவில்லை. பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். தேர்ப்பேட்டை வழியாக நடந்து வரும்போது ஒரே ஒரு தடவை பேசினாள்.

“என் தம்பி அம்புட்டு தூரத்துல இருந்து தூக்கிட்டு வந்தாம்ட்டி.”

வேலை இல்லாத நாட்களில் மூவரும் பகலெல்லாம் வீட்டில் இருந்தோம். ஓசூரில் அப்போதெல்லாம் மதியத்திலும் போர்வை தேவைப்படும். ஒருநாள் தூறல். தளிக்காரி போனில் எல்லா ஆட்டத்தையும் ஆடிச் சலித்துவிட்டாள். புதிதாக ஏற்றிவரலாம்தான், மழையில் போக மனமில்லை. அலமாரியைத் துழாவிப் பெட்டியை எடுத்தாள். அக்கா வேண்டாமென்று சொல்லவில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

தளிக்காரி படகைப் பாறைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. அவள் அம்மா. பெட்டியை அப்படியே பாயில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்க் கன்னடத்தில் பேச ஆரம்பித்தாள். ரோஜாவுக்கு விலை இல்லை, அண்ணனுக்குப் பெண் பார்க்கிறார்கள், பசு கன்று போட்டிருக்கிறது. அவள் அம்மா போன் செய்தால் சட்டென்று வைக்க மாட்டாள்.

நான் தண்ணீர் குடிக்க எழுந்தவள் பாயைத் தாண்டும்போது திரையைப் பார்த்தேன்.

“அக்கா, என்னாக்கா இது, தண்ணி கொறஞ்சிருக்குது.”

“என்னட்டி சொல்லுத?”

“கடல்ல தண்ணி கொறஞ்சிருக்குது.”

அக்கா வெங்காயக் கையோடு வந்து குனிந்தாள். பாறையைச் சுற்றிக் கடல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஈரமான கல் வெளியே தெரிந்தது. அதன் மேல் பாசி. பாசியில் ஒரு நண்டு ஓடியது. நாங்கள் இரண்டு பேரும் பொத்தானைத் தொடவில்லை, தொட்டால் நின்றுவிடுமோ என்று பயம். தளிக்காரி போனை வைத்துவிட்டு வந்து எங்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். நீர் இன்னும் வடிந்தது. பாறையின் அடியில் கல்லில் வெட்டிய படிக்கட்டு ஒன்று, மேலிருந்து கீழாக, ஒவ்வொரு படியாக வெளியே வந்தது.

அவ்வளவு நாளும் அந்தப் படிக்கட்டு தண்ணீருக்கு அடியில் இருந்திருக்கிறது. நாங்கள் சுற்றிச் சுற்றி வந்ததால், நிற்காமல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்ததால், கடல் இறங்கவே இல்லை. படகை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பவர்களுக்காக யாரோ ஒருவர் ஒரு வற்றுப்பெருக்கைச் செய்து உள்ளே வைத்திருக்கிறார். சும்மா இருப்பவர்கள் யாருமே வராமல் போயிருக்கலாம். அப்படியும் நண்டுக்குக் கால்கள் வரைந்திருக்கிறார்.

இப்போது எழுதும்போதும் அந்த மதியத்தின் ஈர மண் வாசனையோடு சேர்ந்துதான் அந்தக் கடல் ஞாபகம் வருகிறது.

“நான் சும்மா வெச்சிட்டுப் போனேன் அவ்ளோதான்” என்றாள் தளிக்காரி. அவள் குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. “போன் கேம்ல இப்படி வெச்சா நம்ம ஆளு செத்துப்போயிரும் அக்கா.”

அதற்குப் பிறகு பெட்டி அலமாரிக்குப் போகவில்லை. கடைசித் தீவு வரைக்கும் வந்துவிட்டோம். இப்போது நாங்கள் அவசரப்படுவதில்லை. ஒவ்வொரு இடத்திலும் படகை நிறுத்திப் பார்த்தோம். ஒரு தீவில் நின்றால் மழை வந்தது. இன்னொன்றில் சித்தப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முன்னாலேயே கடந்துவந்த இடங்களுக்குக்கூடத் திரும்பிப் போனோம், அங்கேயெல்லாம் நாங்கள் பார்க்காமல் விட்டது என்னவென்று பார்க்க.

ஒரு சனிக்கிழமை காலை, கடைசி மணிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தபோது பெட்டியின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. சார்ஜ் தீரப்போகிறது. சார்ஜரைச் செருகினோம். கரண்டு இல்லை. அந்த வருஷங்களில் தமிழ்நாட்டில் கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு அம்மா, சாயந்தரம்தான் வரும், லைனில் ஏதோ வேலை நடக்கிறது என்றார்.

“சாயந்தரம் ஆடலாம்” என்றேன் நான்.

தளிக்காரி வாசலில் நின்று யோசித்தாள். “பார்டர் தாண்டினா அத்திப்பள்ளில கரண்டு இருக்கும் அக்கா. அது அவங்க கரண்டு.”

அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு செருப்பைத் தேடினாள்.

பெட்டியை மூடி வைத்தால் ஆட்டம் அப்படியே உறங்கும், சார்ஜும் மெதுவாகத்தான் குறையும். மூடிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் பெங்களூர் பஸ் ஏறினோம். ஜுஜுவாடியில் செக்போஸ்டைத் தாண்டியதும் கடைப் பலகைகளின் எழுத்து மாறும். அதற்கு முன் எத்தனையோ முறை அந்த இடத்தைத் தாண்டியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும், ஒரு மணியை அடிப்பதற்காக மாநிலம் தாண்டிப் போகிறோம் என்று சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. மடியில் குழந்தையை வைத்திருப்பவள் மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

அத்திப்பள்ளியில் இறங்கியதும் ஒரு பேக்கரி. உள்ளே மின்விசிறி சுற்றியது. கல்லாவில் இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். தளிக்காரி போய்க் கன்னடத்தில் கேட்டாள்.

“அண்ணா, ஸ்வல்ப சார்ஜ் ஹாக்கொள்ளலா?” கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கொள்ளட்டுமா என்று.

அவர் போன் என்று நினைத்துக் கையை நீட்டினார். பெட்டியைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். ஆனாலும் கல்லாவுக்குப் பக்கத்து பிளக்கைக் காட்டினார். மூன்று பன்னும் மூன்று டீயும் சொன்னோம். கம்பி நீளம் போதவில்லை, அதனால் ஸ்டூல்களை இழுத்துக் கல்லாவை ஒட்டியே உட்கார்ந்தோம். அக்கா டிஷ்யூவில் விரல்களைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள்.

கடைசி மணியை அடித்தாள். அது ஒலித்தது. அதைக் கேட்டு முதல் தீவின் மணி தானாகவே ஒலித்தது. அப்புறம் இரண்டாவது. ஒவ்வொரு மணிக்கும் வேறு வேறு சுருதி; எல்லாம் சேர்ந்தபோதுதான் அது ஒரே பாட்டு என்று தெரிந்தது. திரை மேலே மேலே போயிற்று. பறவை பார்ப்பது போல எல்லாத் தீவுகளையும் ஒன்றாகப் பார்த்தோம். அந்தத் தீவுகள் அசைந்தன. கடலுக்குள்ளிருந்து ஒரு தலை எழுந்தது. இத்தனை காலமும் நாங்கள் படகோட்டியதெல்லாம் ஒரு பிரம்மாண்டமான ஆமையின் முதுகைச் சுற்றித்தான். அது கண்ணைத் திறந்து, தீவுகளோடும் மணிகளோடும் சித்தப்பாவோடும் மெதுவாக நீந்திப் போக ஆரம்பித்தது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பேக்கரிக்காரர் கல்லாவின் மேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போயிருந்தது.

பிறகு திரை கறுப்பாகி, கீழேயிருந்து எழுத்துகள் ஏறின. அதுவரை வாசிக்கவே முடியாத எழுத்துதான் வந்துகொண்டிருந்தது. இது இங்கிலீஷ் எழுத்து. நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். எல்லாம் பெயர்கள். மனிதர்களின் பெயர்கள். ஏறிக்கொண்டே இருந்தன, நிற்கவில்லை. நடுநடுவே தலைப்பு. இசை என்று ஒன்று. படம் என்று ஒன்று. அதற்குக் கீழே பத்துப் பேர், இருபது பேர்.

பேக்கரிக்காரர் கேட்டார். “இவரெல்லா யாரு?”

“மாடிதோரு, அண்ணா” என்றாள் தளிக்காரி. இதைச் செய்தவர்கள்.

“இஷ்டு ஜனனா?” என்றார். இவ்வளவு பேரா என்று. அவர் அதற்கப்புறம் பன் கேட்டு வந்தவரைக்கூடக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டார்.

இன்னொரு தலைப்பு வந்தது. நான் வாசிப்பதற்கு முன்னால் அக்கா வாசித்துவிட்டாள். அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும். அவள் பகுதியின் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும்.

“டெஸ்டிங்” என்றாள். “டெஸ்டிங்காரவுக பேரையும் போட்டுருக்காவட்டி.”

அந்தத் தலைப்புக்குக் கீழேதான் எல்லாவற்றையும்விட நீளமாகப் பெயர்கள் வந்தன. அக்கா ஒவ்வொன்றாக, தப்பும் தவறுமாக, உதட்டை அசைத்து வாசித்தாள். அவை எப்படி உச்சரிக்கும் பெயர்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. யாரோ ஒருத்தி ஜப்பானில் ஒரு மேசையில் உட்கார்ந்து, படகை நிறுத்திவிட்டு, தண்ணீர் சரியாக வடிகிறதா என்று பார்த்திருப்பாள். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. சரி என்று அவள் சொன்னபிறகுதான் அது எங்களிடம் வந்திருக்கிறது. எங்கள் கம்பெனியில் நாங்கள் கட்டிய ஒயர்கள் எந்தெந்த வண்டியில் எங்கெங்கே ஓடுகின்றன என்று எங்களுக்குத் தெரியாது. அந்த வண்டிக்காரர்களுக்கு நாங்கள் இருப்பதே தெரியாது. அதில் எங்களுக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. வேலை என்றால் அப்படித்தான் என்று இருந்தோம். ஒரு பொருளுக்குள்ளேயே அதைச் செய்த கைகளின் பெயரெல்லாம் இருக்கலாம், கடைசிவரை வந்தவர்களுக்கு அது காட்டப்படலாம் என்பது எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

பெயர்கள் முடிந்ததும் கடல் திரும்பி வந்தது. வெறும் கடல். அலையும் நுரையும். பேக்கரிக்காரர் டீக்குக் காசு வாங்கிக்கொண்டு, சூடாக இன்னும் மூன்று கிளாஸ் கொடுத்தார், அதற்கு வாங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் தளிக்காரி தன் போனை எடுத்து நோண்டிக்கொண்டே வந்தாள். ஆடவில்லை. பழம் வெட்டுகிற ஆட்டத்தைத் திறந்து, ஆரம்பிக்கும் பொத்தானுக்குக் கீழே இருந்த, நாங்கள் ஒருபோதும் தொடாத வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். கடைசி வார்த்தையைத் தொட்டபோது இரண்டு வரி வந்தது.

“இங்க நோடு அக்கா. இதுலயும் ஒரு பேரு இருக்கு.”

ஒரே ஒரு பெயர்தான். எந்த நாட்டுப் பெயர் என்றும் தெரியவில்லை. அத்தனை பழங்களையும், அந்தக் கத்தியையும், வெட்டும்போது தெறிக்கிற சாற்றையும் ஒரே ஆள் உட்கார்ந்து செய்திருக்கிறார். பத்து ரூபாய்க்கு வந்த இருநூறில் அது ஒன்று. அந்தப் பத்து ரூபாயிலும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது எதுவும் இருந்திருக்காது. தளிக்காரி அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மற்ற ஆட்டங்களையும் திறந்து திறந்து தேடினாள். சிலவற்றில் பெயர் இருந்தது. சிலவற்றில் இல்லை. ஓசூர் வரும்வரை அதைத்தான் செய்தாள். அழிக்கிற பழக்கத்தை அவள் விட்டுவிட்டாள் என்று சொல்ல முடியாது, இடம் வேண்டுமென்றால் அழிக்கத்தான் செய்தாள். ஆனால் அழிப்பதற்கு முன்னால் அந்தக் கடைசி வார்த்தையை ஒருமுறை தொட்டுப் பார்ப்பாள்.

ஆர்டர்கள் மறுபடி வந்தன. முழு வாரமும் ஷிப்டு ஓடியது. மொபைல் கடைக்காரர் எங்களைப் பார்த்தால், “அந்த டப்பா இருக்குதா, குடுக்கிறீங்களா?” என்று சும்மா கேட்பார். அவர் சொல்லும் விலை ஏறவில்லை, இறங்கித்தான் போயிற்று. அக்கா ஒவ்வொரு முறையும் சிரித்துவிட்டு, ரீசார்ஜ் மட்டும் செய்துகொண்டு வருவாள்.

அடுத்த வருஷம் அக்காவுக்கு ஊரில் கல்யாணம் முடிவாயிற்று. வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினாள். திருநெல்வேலி பஸ் புறப்பட நேரமிருந்தது. நாங்கள் இருவரும் அவளோடு ஏறி, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தோம். அவள் கைப்பையிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்தாள். ஆட்டத்தைச் சேமித்து வைக்க அதில் மூன்று இடங்கள் உண்டு. நாங்கள் ஆடியது முதல் இடத்தில் இருந்தது. மற்ற இரண்டும் காலி.

“இத நான் தொட மாட்டேன்” என்று முதல் இடத்தைக் காட்டினாள். இரண்டாவதை அழுத்தினாள். “அவுகளுக்கு இங்கன இருந்து ஆரம்பிச்சுக் குடுக்கணும். ஆமை இருக்குன்னு சொல்லவே மாட்டேன். தண்ணி வடியும்னும் சொல்ல மாட்டேன்.”

“அவரு சுத்திச் சுத்தி வந்தாருன்னா?” என்றேன்.

“வரட்டும். நம்ம எம்புட்டு நாளு சுத்துனோம்?”

கண்டக்டர் டிக்கெட் இல்லாதவர்களை இறங்கச் சொன்னார். நாங்கள் இறங்கி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றோம். பஸ் நகரும்போது அக்கா குனிந்திருந்தாள். திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் நீலமாக விழுந்திருந்தது. சித்தப்பா பேச ஆரம்பித்திருக்க வேண்டும், அவள் உதடு அசைந்தது.